மயில் கழுத்து நிற மையும் நம் வீட்டு அலுமாரியும்



போன வாரம் ஒரு மாணவர் மைப்போத்தல் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தார். நீலமும் இல்லை, பச்சையும் இல்லை; மயில் கழுத்து நிறம். பேனையில் நிரப்பி எல்லோரும் எழுதிப் பார்த்தோம். எழுதும்போது நீலமாக ஓடி, காய்ந்ததும் பச்சை தூக்கலாக நின்றது. மை தேங்கிய இடம் கருமை, மெலிந்த இடம் வெளிறல். நல்ல தாளில் கண்ணைப் பறித்தது. சாதாரண கொப்பியில் எழுத்தின் ஓரம் கசிந்து, பின்பக்கமும் தெரிந்தது.

பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டோம். எழுத்து கலைந்து நீலமும் மஞ்சளுமாகப் பிரிந்தது. "அந்தக் காலத்து மையும் இப்படித்தானா சேர்?" என்று கேட்டார் மாணவர். அதற்குத்தான் இந்தப் பதிவு.

கண்டியின் பழைய விகாரை ஏடுகளுக்குப் பேனையே கிடையாது. ஓலையில் எழுத்தாணியால் கீறி, மேலே கரியும் எண்ணெயும் தேய்த்துத் துடைப்பார்கள். கீறலில் தங்கிய கரிதான் எழுத்து.

அரபு எழுத்துக்கு நாணல் பேனை. மையில் இரண்டு வகை. புகைக்கரியும் பிசினும் சேர்ந்தது மிதாத். அது தாளின் மேலேயே தங்கும், ஈரத்தில் அழியும். துவர்ப்புக் காயும் இரும்பு உப்பும் சேர்ந்தது ஹிப்ர். நம் பக்கத்துக் கடுக்காய், அன்னபேதி மையும் அந்த இனம்தான். அது தாளின் நாருக்குள் இறங்கி, காற்றுப் பட்டுக் கறுக்கும். தண்ணீருக்கு அசையாது. ஆனால் அமிலம் கூடினால் காலப்போக்கில் தாளையே அரித்துவிடும்.

1830களில் லண்டனில் ஹென்றி ஸ்டீபன்ஸ் விற்ற நீலக்கறுப்பு மையும் இரும்பு மையே. பிரித்தானியப் பதிவேடுகளுக்கு இவ்வகை மைதான் உகந்ததாக இருந்தது. 1856 இல் பேர்கின் செயற்கைச் சாயம் கண்டுபிடித்த பின்னர் மைக்குப் பல நிறங்கள் வந்தன. இன்றைய நீலப்பச்சை மைகள் பலவற்றில் இருப்பது செம்பு சேர்ந்த ஒரு சாயம். அதன் மூல நிறமி 1935 இல்தான் சந்தைக்கு வந்தது. அழகு கூடியது. ஆனால் தண்ணீரில் கரையும் சாயம் தண்ணீரோடு போகவும் செய்யும்.

நம் கண்டியில் 1838 இல் பிறந்த அறிஞர் சித்திலெப்பை, 1882 டிசம்பரில் இங்கிருந்தே 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885 இல் 'அசன்பேயுடைய கதை' வெளிவந்தது. அச்சு மை எண்ணெயில் குழைத்த கரி, நனைந்தாலும் கலையாது. அச்சில் பல பிரதிகளும் உண்டு. அதனால் அவர் எழுத்து நமக்குக் கிடைத்தது.

ஆனால் நம் வாப்பாமார், உம்மம்மாமார் எழுதிய அரபுத்தமிழ்க் கடிதம், பள்ளிவாசல் கணக்கு, கடுத்தம்? ஒவ்வொன்றும் ஒரே பிரதி. அக்குறணையில் வெள்ளம் ஏறும்போது முதலில் நனைவதும் அலுமாரியின் கீழ்த் தட்டில் கிடக்கும் இந்தத் தாள்கள்தான்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். பழைய தாள்களை இன்றே படம் பிடித்து, உயரமான இடத்தில் வையுங்கள். நனைந்திருந்தால் தேய்க்காதீர்கள்; நிழலில் காயவிடுங்கள். இனிப் பதிவேட்டில் எழுதுபவர்கள் தண்ணீருக்கு அழியாத மையால் எழுதுங்கள்.

மயில் கழுத்து மை பெருநாள் வாழ்த்து அட்டைக்கு இருக்கட்டும். மாணவரும் அதற்குச் சம்மதித்துவிட்டார்.

உங்கள் வீட்டில் பழைய கையெழுத்து ஏதும் இருந்தால் கீழே சொல்லுங்கள். வஸ்ஸலாம்.