பழைய பவர்ஃபுல் கார் பியூசியில் ஃபெயில் ஆகிறதா? முதலில் அந்த எண்களைப் படியுங்கள்

ஹோண்டா சிட்டி வி-டெக்கோ ஃபியட் பாலியோ 1.6-ஓ, செகண்ட் ஹேண்டில் ஆசைப்பட்டு வாங்கிவிட்டீர்கள். ஓட்டுவதற்கு ஜோர்தான். ஆனால் பியூசி சென்டரில் சைலன்சருக்குள் குழாயை விட்டதும் 'ஃபெயில்'. "ஏதாவது போட்டுக் குடுங்க சார், முடிச்சிடலாம்" என்று ஒரு குரல் வரும். அதற்குத் தலையாட்டும் முன் மெஷின் காட்டிய அளவுகளைக் கேளுங்கள். ஃபெயில் ஆன வண்டிக்குக் காரணத்தோடு நிராகரிப்புச் சீட்டு தர வேண்டும் என்று 2021-லேயே விதி வந்துவிட்டது. மெக்கானிக்கிடம் காட்ட அதைவிட நல்ல ரிப்போர்ட் கிடையாது.

உங்கள் காருக்கு எந்த வரம்பு?

மத்திய மோட்டார் வாகன விதி 115-இன் படி, பெட்ரோல் கார் ஐடிலிங்கில் நிற்கும்போது இரண்டு வாயுக்களை அளக்கிறார்கள். பிஎஸ்-2-க்கு முந்தைய கார் என்றால் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம் வரை போகலாம். பிஎஸ்-2, பிஎஸ்-3 கார்களுக்கு 0.5 சதவீதம், 750 பிபிஎம். பிஎஸ்-4 என்றால் 0.3 சதவீதம், 200 பிபிஎம். அதோடு பிஎஸ்-4 காரை 2,500 ஆர்பிஎம் அளவுக்கு முறுக்கி, காற்று-பெட்ரோல் விகிதத்தைச் சொல்லும் 'லாம்ப்டா'வையும் பார்ப்பார்கள்.

இங்கே ஒரு சிக்கல். பிஎஸ்-4 2010-இல் பெருநகரங்களுக்கு மட்டும்தான் வந்தது. நாடு முழுக்க வர 2017 ஆனது. ஆக, 2012-இல் வந்த இரண்டு கார்கள், விற்கப்பட்ட ஊரைப் பொறுத்து வேறு வேறு வரம்புக்குள் வரலாம். 750-க்கும் 200-க்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! வருஷத்தை வைத்து ஊகிக்காதீர்கள். ஆர்சியில் எந்த பிஎஸ் என்று பார்த்துவிட்டு, சென்டரிலும் அதையேதான் போட்டிருக்கிறார்களா என்று சரிபாருங்கள்.

எண்கள் என்ன சொல்கின்றன?

கார்பன் மோனாக்சைடு மட்டும் எகிறினால், இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. அடைத்த ஏர் ஃபில்டர், ஒழுகும் இன்ஜெக்டர், வயசான ஆக்சிஜன் சென்சார் ஆகியவற்றில் தேடுங்கள். ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகம் என்றால், பெட்ரோல் எரியாமலே வெளியே வருகிறது: பிளக், பிளக் வயர், காயில், அல்லது எங்கோ வேக்யூம் ஹோஸ் கிழிந்திருக்கிறது. இரண்டுமே அதிகம் என்றால் சந்தேகம் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மேல் போகும்.

பெர்ஃபார்மன்ஸ் கார்களில் பெரும்பாலும் கதை முடிவது இங்கேதான். முந்தைய ஓனர் சத்தத்துக்காக கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டிருப்பார். அது இல்லாமல் 0.3 சதவீதத்துக்குள் வருவது ரொம்பக் கஷ்டம். சட்டப்படியும் சிக்கல்: தயாரிப்பாளரின் வடிவமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52 இடம் தராது. ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்ட இன்ஜினும் இப்படித்தான். வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடுவதால், ஐடிலிங்கில் பெட்ரோல் எரியாமல் நழுவும். ஆனால் ஃபுல் த்ராட்டிலில் மட்டும் பெட்ரோலைக் கொட்டும் ஈசியூ மேப்பை இந்தச் சோதனை கண்டுபிடிக்காது. நைட்ரஜன் ஆக்சைடையும் அது அளப்பதில்லை. எனவே பாஸ் ஆன கார் சுத்தமான கார் என்று நம்பிவிட வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஃபெயில் ஆகிறதா? வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளியிருக்கும் சென்டருக்குப் போயிருப்பீர்கள். கன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கவே சுமார் 250 டிகிரி சூடு வேண்டும். இருபது நிமிஷம் நன்றாக ஓட்டிவிட்டு, ஏசியை அணைத்து, இன்ஜினை ஆஃப் செய்யாமல் சோதனைக்கு நில்லுங்கள்.

காசு கொடுத்து வாங்கினால் என்ன?

சர்டிஃபிகேட் கையில் இருந்தாலும், புகை கண்ணுக்குத் தெரிந்தால் அதிகாரி மறுசோதனைக்கு அனுப்பலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறை சிக்கினாலே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் போகும். அதைவிடப் பெரிய தேர்வு 15-ஆவது வருஷம் வருகிறது. அப்போது காரை நேரில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 முதல் 10,000. கழற்றிய கன்வெர்ட்டரை அன்று தேட ஆரம்பித்தால், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு ஒரிஜினல் கிடைப்பது குதிரைக்கொம்பு. டெல்லி என்சிஆரில் இருப்பவர்களுக்குக் கூடுதல் தலைவலி: அங்கே காரின் வயதுக்கென்று தனிக் கட்டுப்பாடு உண்டு, பியூசி பாஸ் அதை மாற்றாது.

பிஎஸ்-4 முதல் சர்டிஃபிகேட் ஒரு வருஷம் செல்லும். அதற்கு முந்தைய கார் என்றால் ஆறு மாதம்தான். ஒவ்வொரு தடவையும் வரும் அளவுகளை எழுதி வையுங்கள். 120-இல் இருந்த ஹைட்ரோகார்பன் அடுத்த தடவை 180 காட்டினால், ஃபெயில் ஆகும்வரை காத்திருக்காமல் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.