சக்கர வண்டிக்குப் பட்டை பூட்டுதல்: முன்சக்கரம் என்னும் சிக்கல்

1. எல்லை

காவிரி டெல்டாவின் ஈர வயலில் நெல் அறுக்க வரும் செயின் வண்டி, பட்டைக்கென்றே வடிவமைக்கப்பட்டது. இங்கே ஆராய்வது அதையன்று. சக்கரத்தோடு பிறந்து பிறகு பட்டை பூட்டிக்கொண்ட வண்டிகளை. பட்டை இருந்தால் எடை பரந்த இடத்தில் படியும், வண்டி புதையாது. அதில் புதிர் ஒன்றுமில்லை. ஆனால் வண்டியை எப்படித் திருப்புவது? மாற்றியமைத்தவரின் திறமை அங்கேதான் தெரிகிறது.

2. முன்சக்கரத்தை விட்டுவைத்தவர்கள்

கலிபோர்னியாவின் சான் வாக்கின் ஆற்றுப் படுகையில் மண் மட்கிப் பொதபொதவென்றிருக்கும். நீராவி டிராக்டர் அமிழாதிருக்கச் சக்கரத்தை அகலமாக்கிக்கொண்டே போனார்கள், வண்டிதான் பூதாகரமானது. 1904 நவம்பரில் ஸ்டாக்டனைச் சேர்ந்த பெஞ்சமின் ஹோல்ட், பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, சங்கிலியில் மரச்சட்டங்கள் கோத்த பட்டைகளைப் பூட்டி ஓட்டினார். திசைதிருப்பும் முன்சக்கரத்தில் கைவைக்கவில்லை.

ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் கார்களைப் பராமரித்த பிரெஞ்சுக்காரர் அடால்ஃப் கெக்ரெஸும் பின்பக்கத்தை மட்டுமே மாற்றினார். இரும்புக்குப் பதிலாக வளையும் ரப்பர் பட்டை. பனிக்காலத்தில் முன்னால் சறுக்குக்கட்டை. லெனினின் ரோல்ஸ் ராய்ஸுக்கும் இதே ஏற்பாடுதான். ஆட்சி மாறினாலும் பனி மாறவில்லையே! 1922 டிசம்பரில் அல்ஜீரியாவின் துக்குர்ட்டில் புறப்பட்ட சித்ரோன் கார்கள், இப்பட்டையுடன் சஹாராவைக் கடந்து 1923 ஜனவரி 7 அன்று திம்புக்டு சேர்ந்தன.

3. முன்சக்கரமும் பட்டைக்குள்

எட்மண்ட் ஹிலாரி அண்டார்டிகாவுக்குக் கொண்டுசென்றவை ஃபெர்குசன் பண்ணை டிராக்டர்கள். முன்சக்கரம், பின்சக்கரம், இடையில் சேர்த்த துணைச்சக்கரம் மூன்றையும் ஒரே ரப்பர் பட்டை சுற்றியது. அதற்குள் அகப்பட்ட முன்சக்கரம் திரும்பாது. உழவில் வயலோரத்தில் திரும்புவதற்கென்று அந்த டிராக்டரில் இடம் வலம் தனித்தனி பிரேக் உண்டு, அது கைகொடுத்தது. இடப்பக்கப் பிரேக்கை அழுத்தினால் டிஃபரன்ஷியல் வலப்பட்டையை வேகமாகச் சுழற்றும், வண்டி இடப்புறம் திரும்பும். வயலுக்காகச் செய்த வசதி 1958 ஜனவரி 4 அன்று மூன்று டிராக்டர்களைத் தென்துருவத்தில் சேர்த்தது. வந்தபோது எரிபொருள் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. பனிக்கென்றே வடிவமைத்த வண்டிகளோடு எதிர்ப்புறமிருந்து வந்த இன்னொரு குழுவின் தலைவர் விவியன் ஃபுக்ஸ் அங்கே சேர இன்னும் இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று. தூரமும் தடமும் வேறென்பதால் இதைப் பந்தயமாகக் கருதுவது நியாயமன்று.

4. இக்கால முக்கோணப் பட்டை

இன்று சக்கரம் இருந்த இடத்திலேயே முக்கோணப் பட்டைத் தொகுதியைப் போல்ட் போட்டு முடுக்கலாம். நான்கும் தனித்தனி என்பதால் ஸ்டீயரிங் வழக்கம்போல் வேலைசெய்யும். பட்டையை இழுக்கும் பற்சக்கரம் டயரைவிடச் சிறியதானால் இழுவை கூடும், வேகம் குறையும். ஸ்பீடோமீட்டர் மட்டும் பழைய கணக்கிலேயே கூடுதலாகக் காட்டும். அகன்ற பட்டையை நின்ற இடத்தில் திருப்பும்போது, டயருக்காகச் செய்த ஸ்டீயரிங் மூட்டுகள்தான் அந்தப் பாரத்தை வாங்குகின்றன.