காசு கொடுத்து எடுத்த சோதனை

1999 ஏப்ரலில் மைண்ட்கிராஃப்ட் என்ற அமெரிக்க நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரே சர்வரில் விண்டோஸ் என்.டி. 4.0-வையும் லினக்ஸையும் ஓட்டிப் பார்த்தார்களாம். ஃபைல் சர்வராக என்.டி. 2.5 மடங்கு வேகம், வெப் சர்வராக 3.7 மடங்கு வேகம் என்றது முடிவு. சோதனைக்குக் காசு கொடுத்தது யார்? மைக்ரோசாஃப்ட்! அப்புறம் கேட்கவா வேண்டும், லினக்ஸ் ஆர்வலர்கள் கொதித்துப் போனார்கள்.

அவர்கள் கோபத்தில் நியாயமும் இருந்தது. என்.டி.யை நன்றாகச் செதுக்கிவிட்டு லினக்ஸை ஏனோதானோவென்று விட்டிருந்தார்கள். சர்வரில் இருந்த 4 ஜிபி நினைவகத்தில் லினக்ஸ் பயன்படுத்தியது 960 எம்பி மட்டுமே. அதோடு நான்கு பிராசசர், நான்கு நெட்வொர்க் கார்டு. அன்றைக்கு எத்தனை வலைத்தளங்களுக்கு அப்படி ஓர் இயந்திரம் தேவைப்பட்டது?

ஜூன் மாதம் பி.சி. வீக் இதழின் ஆய்வகத்தில் மறுபடியும் சோதனை நடந்தது. இம்முறை லினக்ஸ் தரப்பு ஆட்களும் கூடவே இருந்தார்கள். இடைவெளி குறைந்தது. ஆனாலும் ஜெயித்தது என்.டி.தான்.

காரணம் கெர்னலுக்குள் இருந்தது. ஒரு வங்கியில் நான்கு கேஷியர்கள், ஆனால் பெட்டிச் சாவி ஒன்றே ஒன்று என்றால் என்ன ஆகும்? ஒருவர் பணம் எண்ணும்வரை மற்ற மூவரும் சும்மா நிற்க வேண்டியதுதான். லினக்ஸ் 2.2-இல் நெட்வொர்க் வேலை முழுக்க 'பிக் கெர்னல் லாக்' என்ற ஒரே பூட்டுக்குள் நடந்தது. நான்கு பிராசசர் இருந்தும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் உள்ளே போக முடியும். இன்னொரு கூத்தும் உண்டு. வாடிக்கையாளர் ஒருவர் வந்தால், தூங்கிக்கொண்டிருக்கும் அப்பாச்சி பிராசஸ்கள் அத்தனையும் எழுந்து ஓடிவரும். ஒன்றுக்கு வேலை கிடைக்கும், மற்றவை மறுபடி படுத்துக்கொள்ளும். இப்படி எழுந்து படுப்பதிலேயே நேரம் வீணாகும்.

திட்டிக்கொண்டே திருத்தவும் செய்தார்கள் என்பதுதான் இதில் ரசிக்க வேண்டிய விஷயம். ஒரு இணைப்புக்கு ஒரு பிராசஸை மட்டும் எழுப்பும் முறை வந்தது. நெட்வொர்க் பகுதியின் பூட்டு பல சிறு பூட்டுகளாகப் பிரிக்கப்பட்டது. இவையெல்லாம் 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலில் சேர்ந்தன. அதற்கு முன்பே, 2000-இல், இங்கோ மோல்னார் கெர்னலுக்குள்ளேயே ஓடும் டக்ஸ் என்ற வெப் சர்வரை எழுதினார். ஸ்பெக்வெப்99 சோதனையில் அது விண்டோஸ் 2000-ஐ முந்தியது.

அந்தப் பெரிய பூட்டின் மிச்சம் மீதியை முழுதாகத் துடைத்தெறிய 2011 வரை ஆனது, 2.6.39 கெர்னலில்.