விரிவாக்க அட்டை அடாப்டர்: பொருத்தமும் பழுதறிதலும்

விரிவாக்க அட்டை அடாப்டர் என்பது மேசைக் கணினியின் மதர்போர்டில் உள்ள ஒரு வகை ஸ்லாட்டில், வேறு வகை ஸ்லாட்டுக்காகச் செய்யப்பட்ட கார்டைப் பொருத்தித் தரும் இடைப்பலகை. எம்.2 வடிவ எஸ்எஸ்டியைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் போடுவது, மடிக்கணினிக்கான வைஃபை கார்டை மேசைக் கணினியில் ஓட்டுவது, பழைய பிசிஐ கார்டைப் புதிய மதர்போர்டில் உயிரோடு வைத்திருப்பது, கிராஃபிக்ஸ் கார்டை ரைசர் கேபிள் மூலம் தள்ளி நிறுத்துவது ஆகியவை இதன் வழக்கமான பயன்கள். அடாப்டர் கச்சிதமாக உட்கார்ந்தும் கார்டு வேலை செய்யாமல் போவது அன்றாடம் நடப்பது. செருகும் வடிவம், அதில் ஓடும் சிக்னல், கிடைக்கும் மின்சாரம், மதர்போர்டின் ஃபர்ம்வேர் ஆகிய நான்கும் தனித்தனி விஷயங்கள். வடிவம் பொருந்திவிட்டால் மற்ற மூன்றும் பொருந்திவிடும் என்று எந்தத் தரநிலையும் உறுதி சொல்லவில்லை.

பின்னணி

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் 8 பிட் ஸ்லாட்டுகள் இருந்தன. 1984இன் ஐபிஎம் ஏடி அவற்றை 16 பிட்டாக நீட்டியது. ஐஎஸ்ஏ என்று பின்னாளில் அறியப்பட்டது இதுதான். இன்டெல் 1992இல் கொண்டுவந்த பிசிஐ 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ் பாதை. விநாடிக்கு 133 மெகாபைட் என்ற அதன் வேகத்தை எல்லாக் கார்டுகளும் பங்கிட்டுக்கொண்டன. கிராஃபிக்ஸுக்கென ஏஜிபி சில காலம் தனியாக இருந்தது. 2003இல் வெளியான பிசிஐ எக்ஸ்பிரஸ் இந்தப் பங்கீட்டையே ஒழித்து, ஒவ்வொரு கார்டுக்கும் தனி லேன்களை, அதாவது தரவுப் பாதைகளை, தந்தது. முதல் தலைமுறையில் ஒரு லேனுக்கு விநாடிக்கு 250 மெகாபைட். 2007இன் இரண்டாம் தலைமுறையில் 500. 2010இன் மூன்றாம் தலைமுறையில் ஏறக்குறைய 985. அதன்பின் 2017இலும் 2019இலும் வந்த தலைமுறைகள் முந்தையதை இரட்டிப்பாக்கின.

பிசிஐ எக்ஸ்பிரஸின் பெரிய நற்குணம், இரு முனைகளும் தங்களுக்குப் பொதுவான வேகத்துக்கும் லேன் எண்ணிக்கைக்கும் தாமாக இறங்கி வருவது. எக்ஸ்1 (ஒரு லேன்) கார்டு எக்ஸ்16 (பதினாறு லேன்) ஸ்லாட்டில் ஓடும்; ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டி இரண்டாம் தலைமுறை மதர்போர்டில் ஓடும். அடாப்டர் என்ற பொருள் மலிவாகச் சாத்தியமானதே இதனால்தான். பழுதை ஒளித்துவைப்பதும் இதே குணம்தான். ஒரு தொடுமுனையில் அழுக்கிருந்தால் கார்டு நின்றுவிடாது. நான்கு லேனுக்குப் பதில் ஒரு லேனில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும், உரிமையாளருக்குத் தெரியவே தெரியாது.

இரு வகைகள்

கடையில் ஒரே அலமாரியில் இருந்தாலும் அடாப்டர்கள் அடிப்படையில் இரண்டு வகை. முதல் வகை வெறும் கம்பி இணைப்பு: ஸ்லாட்டின் தொடுமுனைகளைக் கார்டின் தொடுமுனைகளுக்கு இழுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். வெளிநாட்டு பிளக்கை நம் சுவர் சாக்கெட்டில் நுழைக்க உதவும் கட்டை மின்னழுத்தத்தை மாற்றாததுபோல, இதுவும் சிக்னலை மாற்றாது. இரண்டாம் வகையில் ஒரு பிரிட்ஜ் சிப்போ ஸ்விட்ச் சிப்போ இருந்து, ஒரு நெறிமுறையை இன்னொன்றாக மாற்றும் அல்லது ஒரு பாதையைப் பலவாகப் பிரிக்கும். பலகையில் கருப்புச் சதுரமாக ஒரு பெரிய சிப் தெரிகிறதா, சில மின்தேக்கிகள் மட்டும் தெரிகின்றனவா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். விலையும் அதைச் சொல்லும்.

எம்.2 எஸ்எஸ்டி அடாப்டர்

இன்று அதிகம் விற்பதும் அதிகம் திரும்பி வருவதும் இதுதான். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் என்விஎம்இ எஸ்எஸ்டியும் வரும், சாட்டா எஸ்எஸ்டியும் வரும். முன்னது பிசிஐ எக்ஸ்பிரஸ் மொழி பேசும். பின்னது பழைய ஹார்ட் டிஸ்க்கின் மொழி பேசும். சிப் இல்லாத அடாப்டரில் சாட்டா எஸ்எஸ்டியைப் போட்டால் அது மின்சாரம் மட்டும் பெற்றுக்கொண்டு சும்மா இருக்கும். தொடுமுனைப் பக்கம் இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. ஆனால் இரண்டு வெட்டுள்ள என்விஎம்இ எஸ்எஸ்டிகளும் விற்பனையில் உண்டு என்பதால், ஒட்டியிருக்கும் லேபிளைப் படிப்பதே பாதுகாப்பு. சில அடாப்டர்களில் இரண்டு எம்.2 இருக்கைகள் இருக்கும்: ஒன்று என்விஎம்இக்கு, மற்றது சாட்டாவுக்கு. அந்த இரண்டாவது இருக்கை ஸ்லாட்டிலிருந்து மின்சாரத்தை மட்டுமே எடுக்கும். தரவுக்கு, பலகையின் ஓரத்தில் உள்ள சாட்டா முனையிலிருந்து மதர்போர்டுக்கு ஒரு கேபிள் போட வேண்டும். இந்தக் கேபிளைப் போடாமல் ‘அடாப்டர் பழுது’ என்று கடைக்குத் திரும்ப வருபவர்கள் ஏராளம்.

அடுத்த சிக்கல் பூட் ஆவது. என்விஎம்இ முதல் தரநிலை 2011இல்தான் வந்தது. அந்தக் காலத்து மதர்போர்டுகளின் ஃபர்ம்வேருக்கு என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது. இதன் அறிகுறி தெளிவானது: பயாஸ் பூட் பட்டியலில் எஸ்எஸ்டி இல்லை, ஆனால் வேறு டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் 10 ஏறியதும் டிஸ்க் மேனேஜ்மெண்டில் அது தெரிகிறது. அடாப்டரும் எஸ்எஸ்டியும் நலம், குறை ஃபர்ம்வேரில் என்று பொருள். இன்டெல் தளங்களில் 2014இன் 9 வரிசை சிப்செட் முதல் இந்த ஆதரவு பரவலானது. அதற்கு முந்தைய போர்டுகளுக்குத் தயாரிப்பாளர் பயாஸ் புதுப்பிப்பு தந்திருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் க்ளோவர் போன்ற பூட் லோடரைச் சிறு யுஎஸ்பி டிரைவில் வைத்து அதன் வழியாக ஏற்றலாம். மாற்றியமைத்த பயாஸை எழுதுவதும் ஒரு வழி. பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும் என்பதால் அது கடைசி வழியாகவே இருக்கட்டும். இந்தப் பூட் சிக்கலுக்கு ஒரு விதிவிலக்கு 2015இல் வந்த சாம்சங் 950 புரோ. பழைய பயாஸுக்கும் புரியும் தன் சொந்த ஆப்ஷன் ரோமை அது சுமந்து வந்தது.

ஃபர்ம்வேர் ஒத்துழைத்தாலும், பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தவர்கள் இன்னொரு இடத்தில் முட்டிக்கொள்வார்கள். என்விஎம்இ பூட் பொதுவாக யூஇஎஃப்ஐ முறையிலும் ஜிபிடி பகிர்விலும்தான் நடக்கும். பழைய டிஸ்க் எம்பிஆர் பகிர்வில் இருந்தால் நகலும் அப்படியே இருக்கும். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பு முதல் கூடவே வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவி இதை மாற்றித் தரும். விண்டோஸ் 7இல் என்விஎம்இ டிரைவர் இயல்பாக இல்லை. தனியாகச் சேர்க்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் விற்கும் பழைய அலுவலகக் கணினிகளை வாங்கி மேம்படுத்துவோர் வேகத்தைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாம் தலைமுறை எக்ஸ்4 ஸ்லாட்டில் உச்சவரம்பே விநாடிக்கு 2000 மெகாபைட். பெட்டியில் 3500 என்று போட்ட எஸ்எஸ்டி அங்கே அந்த வேகத்தைத் தராது. ஆனாலும் சாட்டா எஸ்எஸ்டியின் 550ஐவிட அது பல மடங்கு மேல் என்பதால் செலவு வீண் அல்ல. எக்ஸ்1 அடாப்டரை வாங்குவதுதான் வீண்.

வைஃபை, புளூடூத் அடாப்டர்

மடிக்கணினி வைஃபை கார்டுக்கான எம்.2 இருக்கை ‘ஈ’ வெட்டு கொண்டது. இந்த இருக்கையில் இரண்டு பாதைகள் இருக்கின்றன: வைஃபைக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ், புளூடூத்துக்கு யுஎஸ்பி. ஆனால் மேசைக் கணினியின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் யுஎஸ்பி கிடையாது. அதனால்தான் அடாப்டருடன் மெல்லிய கேபிள் ஒன்று தனியாக வருகிறது; அதன் மறுமுனை மதர்போர்டின் 9 பின் யுஎஸ்பி ஹெடரில் ஏற வேண்டும். வைஃபை வருகிறது, புளூடூத் மட்டும் இல்லை என்றால் பத்தில் ஒன்பது முறை இந்தக் கேபிள்தான் காரணம். ஹெடர் எல்லாம் கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டுகளுக்குப் போய்விட்டிருந்தால் ஒரு ஹெடர் ஸ்பிளிட்டர் வாங்க வேண்டிவரும்.

இன்னொரு பொறி இன்டெல் கார்டுகளின் பெயரில் இருக்கிறது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை முழுமையான பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 பார்வைக்கு அச்சு அசல் அவைபோலவே இருக்கும், அதே இருக்கையில் அமரும். ஆனால் அவற்றில் ரேடியோ பகுதி மட்டுமே உண்டு. வைஃபையின் மற்றப் பாதி இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. சிஎன்விஐ என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். இத்தகைய கார்டை எந்த அடாப்டரில் போட்டாலும், எந்த டிரைவரை நிறுவினாலும் வேலை செய்யாது. முந்தைய தலைமுறையில் 9260, 9560 ஜோடிக்கும் இதே கதைதான்: முதலாவது ஓடும், இரண்டாவது ஓடாது. ஒரே ஒரு இலக்கம் மாறியிருக்கும் இரண்டு கார்டுகளை இப்படிப் பெயரிட்டது வாங்குபவர்மேல் இரக்கமற்ற செயல்.

ஆன்டெனாக் கம்பியின் முனையும் கவனிக்க வேண்டியது. பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டின் முனையைவிட எம்.2 கார்டின் முனை சிறியது. ஒன்றை இன்னொன்றில் அழுத்தினால் மாட்டிக்கொண்டதுபோல் தோன்றும், பிறகு கார்டிலிருந்தே பிய்ந்து வரும்.

லேன் பகிர்வும் பிரிப்பும்

ஸ்லாட்டின் நீளம் லேன்களின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. பல மதர்போர்டுகளில் இரண்டாவது எக்ஸ்16 ஸ்லாட்டில் உண்மையில் நான்கு லேன்களே இணைக்கப்பட்டிருக்கும். போர்டைச் சாய்த்து ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்தால், பாதிக்குமேல் உலோகத் தொடுமுனைகளே இல்லாமல் வெறும் பிளாஸ்டிக்காக இருப்பது சில போர்டுகளில் கண்ணுக்கே தெரியும். எம்.2 இருக்கையில் டிரைவ் போட்டதும் இரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழப்பதும், ஒரு ஸ்லாட்டில் கார்டு ஏறியதும் பக்கத்து ஸ்லாட் அணைந்துவிடுவதும் வடிவமைப்பின்படியே நடப்பவை. கையேட்டின் அட்டவணைக்குக் கீழே சிறு எழுத்தில் இது எழுதப்பட்டிருக்கும்.

நான்கு எம்.2 டிரைவ்களை ஒரே எக்ஸ்16 ஸ்லாட்டில் ஏற்றும் அடாப்டர்களுக்குப் பைஃபர்கேஷன் தேவை. பதினாறு லேன்களை நான்கு நான்காகப் பிரித்துத் தருவது பிராசஸரும் பயாஸும் சேர்ந்து செய்யும் வேலை. அது இல்லாத போர்டில் நான்கு டிரைவ்களில் முதலாவது மட்டுமே தெரியும். ஏஎம்டியின் ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் நான்காகப் பிரிக்க முடியும். இன்டெல்லின் 12ஆம் தலைமுறை வீட்டுப் பிராசஸர்களிலோ கிராஃபிக்ஸ் ஸ்லாட்டை எட்டும் எட்டுமாக மட்டுமே பிரிக்கலாம். ஸ்விட்ச் சிப் உள்ள அடாப்டருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, விலைதான் பல மடங்கு.

மின்சாரமும் ரைசர் கேபிளும்

எக்ஸ்16 ஸ்லாட் ஒரு கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். அதில் 66 வாட் 12 வோல்ட் பாதையில் வருவது. கிரிப்டோ சுரங்கத்துக்காகப் பரவிய எக்ஸ்1 ரைசர்களில் பிசிஐ எக்ஸ்பிரஸ் சிக்னல் யுஎஸ்பி 3 கேபிள் வழியே ஓடும். கேபிளின் வடிவம் மட்டும்தான் யுஎஸ்பி; அதைக் கணினியின் யுஎஸ்பி போர்ட்டில் செருகக் கூடாது. அவற்றின் ஆபத்து சாட்டா பவர் முனையில் இருக்கிறது. அம்முனையின் 12 வோல்ட் வரம்பு 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 66 வாட் இழுக்கும் கார்டை அதில் மாட்டினால் முனை உருகும். இது எச்சரிக்கைக்காகச் சொல்லும் மிகையல்ல, பலமுறை நடந்தது.

நீள ரைசர் கேபிள்களில் வேறு சிக்கல். மூன்றாம் தலைமுறைக்காகச் செய்த கேபிளில் நான்காம் தலைமுறைக் கார்டும் போர்டும் சேர்ந்தால், இரண்டும் தங்கள் முழு வேகத்தில் பேச முயலும். நடுவில் இருக்கும் கேபிளின் தரம் அவற்றுக்குத் தெரியாது. திரை கருப்பாகும், அல்லது விளையாட்டின் நடுவே கணினி உறைந்துபோகும். பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தைக் கையால் மூன்றாம் தலைமுறைக்கு இறக்கிவைத்தால் சரியாகிவிடும்.

பழைய பிசிஐ கார்டுகள்

தொழிற்சாலைக் கருவிகளையும் ஆய்வகங்களையும் சார்ந்த பழைய பிசிஐ கார்டுகளுக்குப் பிரிட்ஜ் சிப் உள்ள அடாப்டரே வழி. 5 வோல்ட், 3.3 வோல்ட் கார்டுகளின் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். வெட்டை அறுத்துத் திணிக்கக் கூடாது. இத்தகைய அடாப்டர்களில் வரும் ஏஎஸ்எம்1083 பிரிட்ஜ் சிப் லினக்ஸில் இன்டரப்ட் கோளாறுகளுக்குப் பேர்போனது.

பழுதறியும் முறை

முதல் கேள்வி ஒன்றே: மதர்போர்டு கார்டைப் பார்த்ததா இல்லையா? லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையும், விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடி வரியும் இதைக் காட்டும். ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஓர் எண் உண்டு. இன்டெல் தனக்கு 8086 என்று வைத்துக்கொண்டது, 1978இல் வந்த தன் பிராசஸரின் நினைவாக. ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கு 1002. ஏஎக்ஸ்200 கார்டு என்றால் 8086:2723 என்று தெரிய வேண்டும். இந்த எண்ணே பட்டியலில் இல்லையெனில் டிரைவரை மாற்றி மாற்றி நிறுவுவது நேர விரயம். டிரைவர் என்பது கார்டு கண்ணில் பட்ட பிறகு வரும் விஷயம்.

எண் இல்லாதபோது கணினியை அணைத்து, பவர் கேபிளையும் பிடுங்கிவிட வேண்டும். அணைத்த நிலையிலும் ஸ்லாட்டில் காத்திருப்பு மின்சாரம் இருக்கும். பின்பு அடாப்டரைக் கழற்றித் தொடுமுனைகளைத் துடைத்து, வேறு ஸ்லாட்டில் போட்டுப் பார்க்கலாம். பின்பக்க உலோகப் பட்டையின் திருகை இறுக்கும்போது கார்டின் மறுமுனை ஸ்லாட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் மேலெழுவது, மலிவான கேபினெட்டுகளில் சகஜம். திருகு இல்லாமல் ஓடி, திருகியதும் மறைந்துபோகும் கார்டுக்கு இதுதான் காரணம். சர்வர்களில் இருந்து கழற்றி விற்கப்படும் டெல் எச்310 போன்ற ரெய்டு கார்டுகள் சில வீட்டுப் போர்டுகளைப் பூட் ஆகவே விடுவதில்லை. அவற்றின் பி5, பி6 தொடுமுனைகளை மெல்லிய காப்பு டேப்பால் மறைத்தால் ஓடிவிடும், எஸ்எம்பஸ் இணைப்பு அதோடு துண்டிக்கப்படுவதால்.

எண் தெரிகிறது, கார்டு ஓடவில்லை என்றால் அப்போதுதான் டிரைவர், பயாஸ் அமைப்புகள் பக்கம் போக வேண்டும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜர் காட்டும் கோட் 12 என்ற பிழை, கார்டுக்கு முகவரி இடம் போதவில்லை என்பதைச் சொல்கிறது. பயாஸில் ‘அபோவ் 4ஜி டிகோடிங்’ அமைப்பை இயக்குவது பெரும்பாலும் தீர்க்கும். கிராஃபிக்ஸ் கார்டு திரையே காட்டாமல் விண்டோஸில் மட்டும் விழித்துக்கொண்டால், அதன் ரோம் யூஇஎஃப்ஐக்கு முந்தையதா என்று பார்த்து, பயாஸில் பழைய ரோம்களுக்கான சிஎஸ்எம் அமைப்பை இயக்க வேண்டும். ஓடுகிறது, ஆனால் மெதுவாக ஓடுகிறது என்றால் லினக்ஸில் எல்எஸ்பிசிஐ தரும் விரிவான வெளியீட்டிலோ விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளிலோ, கார்டின் திறனையும் இப்போதைய இணைப்பின் வேகத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும்போது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் இந்தச் சோதனையை அதற்கு வேலை கொடுத்தபடியே செய்ய வேண்டும். ஸ்லீப்பிலிருந்து எழும்போது மட்டும் காணாமல் போகும் கார்டுக்கு ஏஎஸ்பிஎம் மின்சேமிப்பை அணைத்துப் பார்ப்பது முதல் சிகிச்சை.

இத்தனைக்கும் பிறகு தெரியாத கார்டை வேறொரு கணினியில் அதே அடாப்டருடன் போட்டுச் சோதிக்க வேண்டும். அங்கே ஓடினால் உங்கள் போர்டுதான் காரணம். சிப் இல்லாத அடாப்டர் கெட்டுப்போவது அரிது. வாங்கும் முன்பே கார்டின் முழு மாடல் எண்ணையும் போர்டு கையேட்டின் ஸ்லாட் அட்டவணையையும் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.