பாத்திரமும் தாலியும் போக

பழந்தமிழில் கடன் என்றால் கடமை. புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஆளுக்கொரு கடனைப் பிரித்துக் கொடுக்கிறார். வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் தாயின் பங்கில் நின்றுவிடுகிறேன். பெற்று வளர்ப்பதோடு அவள் கணக்கு முடிந்துவிடுகிறது. பின்னால் வந்த பணக்கடனும் நெடுங்காலம் ஆண் பெயரில்தான் எழுதப்பட்டது. அதை அடைக்கக் கழன்றது அவள் நகை.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் அவளை மனைவியாகவே பார்த்தது. கடனுக்காக எவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்று அதன் 60ஆம் பிரிவு சொல்கிறது: கடனாளி, மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் அவசியமான உடை, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. தாலி என்ற சொல் அங்கே இல்லை, பொருள் அதுதான். 56ஆம் பிரிவோ, பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பை நிறைவேற்ற எந்தப் பெண்ணையும் கைதுசெய்து உரிமையியல் சிறையில் அடைக்கக் கூடாது என்கிறது. இரண்டும் இன்றும் நடப்பில் உள்ளன.

1938இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. நிலத்தில் ஏதேனும் உரிமை இருப்பவரே அதன்படி விவசாயி. நாற்று நட்ட கூலிப்பெண் அதற்குள் வரவில்லை. அதே சட்டம் வேறு சொத்தில்லாத பெண்ணுக்கு வரவேண்டிய 3,000 ரூபாய் வரையிலான கடனுக்கு விலக்குக் கொடுத்தது. வட்டிக்கு விட்டுப் பிழைத்த கைம்பெண் போன்றவர்கள் சட்டத்தின் கண்ணில் பட்டார்கள். கடன்பட்ட கூலிக்காரி படவில்லை.

அவளைக் கடனாளியாகப் பெயர் சொல்லி அழைத்தது பின்னால் வந்த இயக்கங்கள். 1978இல் சென்னையில் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு, தெருவோர வியாபாரப் பெண்களைத் தண்டல்காரரிடமிருந்து வங்கிக்கு அழைத்துப்போனது. 1989இல் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. அவை திறந்த வழியிலேயே பிறகு நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. ஈடு வேண்டாம் என்றார்கள். ஆனால் ஈடு இருந்தது. தவணை தவறினால் சக பெண்களே அவள் வாசலில் வந்து உட்காரவேண்டும். அவள் மானம்தான் ஈடு.

என் மாணவி ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள் கல்லூரிக்கு வராமல் துணிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு மூன்று குழுக்களில் கடன். போதாததற்கு அண்ணனின் கிரெடிட் கார்டு பாக்கி. சட்ட உதவி மையத்துக்குப் போகலாமே என்றேன். "ஊருக்குத் தெரிஞ்சிடும் மேடம்" என்றாள்.

ஊருக்குத் தெரியாமலிருக்கவேண்டும் என்ற அந்தப் பயத்தில்தான் வசூல் நடக்கிறது. நுண்கடன் பற்றிய ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலிப்பவர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது, உறவினரைத் தொல்லை செய்யக் கூடாது. கடன்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ மிரட்டி வசூலித்தால் 3 ஆண்டு வரை சிறை என்கிறது தமிழ்நாடு 2025இல் இயற்றிய சட்டம்.

புகாரை முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். கிரெடிட் கார்டுக்கும் இது பொருந்தும். தவணை கட்ட முடியாமல் போவது மட்டுமே குற்றமாகாது. காசோலை திரும்பினால் அது தனி வழக்கு, அந்த நோட்டீசைப் பிரிக்காமல் வைக்கக் கூடாது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவில், வருமான வரம்பே இல்லாமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச வழக்கறிஞர் உதவியை உரிமையாக்கியிருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் நீதிமன்றக் கட்டணம் இல்லாமல் சமரசம் பேசலாம்.

பாத்திரத்தையும் தாலியையும் காத்த சட்டம் அவளை ஒருவரின் மனைவி என்று நினைத்தது. 12ஆம் பிரிவு அப்படி எதுவும் கேட்பதில்லை. யார் மனைவி, எவ்வளவு சம்பளம், ஏன் வாங்கினாய் என்ற கேள்விகள் அதில் இல்லை. பெண்ணாக இருந்தால் போதும். வாசலில் உட்கார அனுப்பப்படும் குழுப்பெண்கள் ஒருநாள் அவளோடு அந்த அலுவலகத்துக்கு நடந்தால், ஊருக்குத் தெரியட்டுமே.