ரைஃபிள் அஞ்சல் (அமெரிக்கா)
கைத்துப்பாக்கியை 1927இலேயே அஞ்சலிலிருந்து விலக்கிய அமெரிக்கச் சட்டம், ரைஃபிளை விட்டுவைத்தது. 1963இல் லீ ஹார்வி ஆஸ்வால்ட் சிக்காகோ கடையொன்றிலிருந்து ரைஃபிள் ஒன்றைத் தபாலில் தருவித்தார். அனுப்பும் செலவு உட்பட 21.45 டாலர். அதிபர் கென்னடி சுடப்பட்டது அந்தத் துப்பாக்கியால்தான்.

1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், ரைஃபிளை வேறு மாநிலத்துக்கு விற்று அனுப்பினால் பெறுநர் உரிமம் பெற்ற வணிகராக இருக்க வேண்டும்.

ரைஃபிளை அஞ்சலுக்குக் கட்டும்போது, குழலும் தோட்டா அறையும் காலியா என்பதே முதல் சோதனை. தோட்டாக்களை அஞ்சல் துறை அறவே ஏற்பதில்லை. போல்ட்டைக் கழற்றித் தனியே சுற்றினால் அதன் கைப்பிடி அட்டையைக் கிழிக்காது. மேலே பொருத்திய தொலைநோக்கிக்கும் குழல் முனைக்கும் கூடுதல் நுரைப்பஞ்சு தேவை. உள்ளே இருப்பது இன்னதென்று வெளியே எழுதுவதற்கு விதியே தடை. திருடனுக்கு எதற்கு முகவரி? பெட்டி நீண்டால் கட்டணமும் ஏறும் என்பதால், அடிக்கட்டையைக் கழற்றிச் சிறிதாகக் கட்டுவோரும் உண்டு.