பச்சிளங்குழந்தையின் குருதி காட்டிய வழி: அரிவாளணு நோய்ச் சிகிச்சையின் வரலாறு குறித்த ஓர் ஆய்வு

அரிவாளணு நோயின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1949-ஆம் ஆண்டைத் திருப்புமுனையாக வைக்கிறார்கள். அந்த நவம்பரில் லைனஸ் பாலிங், ஹார்வி இடானோ, எஸ். ஜே. சிங்கர், ஐபர்ட் வெல்ஸ் ஆகிய நால்வரும் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நோயாளிகளின் ஹீமோகுளோபினையும் நலமுள்ளோரின் ஹீமோகுளோபினையும் மின்புலத்தில் நகரவிட்டபோது இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்தன. ஒரு நோய் ஒரு புரதத்தின் பிழையாகவே இருக்கலாம் என்று நிறுவப்பட்டது அப்போதுதான். ‘மூலக்கூறு நோய்’ என்ற கருத்தும் அக்கட்டுரையோடு பிறந்தது.

அது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் நோயின் அடிப்படைப் பிழை தெரிந்த பிறகும் அதற்கென முதல் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற 1998 வரையும், மரபணுத் திருத்தச் சிகிச்சை வர 2023 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த நீண்ட இடைவெளியை நிதிப் பற்றாக்குறையாலும் இனப் பாகுபாட்டாலும் மட்டும் விளக்குவது வழக்கம். இரண்டும் உண்மைதான். அவற்றோடு அறிவியல் சார்ந்த இன்னொரு காரணமும் உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம். இன்று நோயாளிகளுக்கு உதவும் முதன்மையான சிகிச்சைகள் பாலிங் கண்ட பிழையைச் சரிசெய்து பிறந்தவை அல்ல. ‘இந்த நோய் ஏன் சிலரை விட்டுவைக்கிறது?’ என்ற வேறொரு கேள்வியிலிருந்து பிறந்தவை. அக்கேள்வி பாலிங்குக்கு ஓராண்டு முன்னரே, குழந்தை மருத்துவர் ஒருவரால் எழுப்பப்பட்டுவிட்டது.

சிகாகோ முதல் கேம்பிரிட்ஜ் வரை

நோய் பற்றிய முதல் மருத்துவப் பதிவு 1910-இல் சிகாகோவில் வெளிவந்தது. கரீபியக் கடலின் கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஒரு மாணவரின் குருதியில் நீண்டு வளைந்த சிவப்பணுக்கள் இருந்ததை ஜேம்ஸ் ஹெரிக் விவரித்தார். அவற்றை நுண்ணோக்கியில் முதலில் கண்டவர் அவரிடம் பயிற்சி மருத்துவராக இருந்த எர்னஸ்ட் அயன்ஸ். 1922-இல் வெர்ன் மேசன் நோய்க்கு இன்றைய பெயரைச் சூட்டினார். 1927-இல் ஹானும் கில்லெஸ்பியும் ஆக்சிஜன் குறையும்போது அணு வளைகிறது, ஆக்சிஜன் கிடைத்ததும் நிமிர்கிறது என்று காட்டினர். பிழை அணுவின் சவ்வில் இல்லை, ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளில் இருக்கிறது என்ற ஊகத்துக்கு வழிவிட்டது இச்சோதனைதான்.

பாலிங்குக்குப் பின் 1956-57-இல் கேம்பிரிட்ஜின் வெர்னன் இங்ரம் அந்தப் பிழையின் இடத்தையும் அடையாளம் கண்டார். ஹீமோகுளோபினைத் துண்டுகளாக்கி, தாளின் மீது பரவவிட்டு ஒப்பிட்டபோது ஒரே ஒரு துண்டு மட்டும் இடம் மாறியிருந்தது. பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருந்தது. மரபணு மொழியில் சொன்னால் ஓர் எழுத்தின் மாற்றம். நோய்கண்டறியும் கலை இந்த ஓர் எழுத்தைப் பற்றிக்கொண்டு வேகமாக வளர்ந்தது. 1978-இல் யூட் வாய் கானும் ஆண்ட்ரீஸ் டோசியும் டிஎன்ஏ வேறுபாட்டைக்கொண்டு கருவிலேயே நோயை அறியும் முறையை வெளியிட்டனர். கோவிட் காலத்தில் தமிழ்நாட்டின் தெருக்கோடி வரை அறிமுகமான பிசிஆர் சோதனை, 1985-இல் அறிவியல் உலகுக்கு முதலில் விளக்கப்பட்டதும் அரிவாளணு நோயைக் கண்டறியும் முறையாகத்தான்.

ஆனால் சிகிச்சைப் பக்கம் வெறுமையாகவே இருந்தது. எழுத்துப்பிழை எங்கே என்று தெரிந்தும், உடலின் கோடானுகோடி அணுக்களில் அதைத் திருத்தும் கருவி யாரிடமும் இல்லை.

புரூக்ளின் மருத்துவரின் கவனிப்பு

1948-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பணியாற்றிய ஜேனட் வாட்சன், அரிவாளணு மரபைக் கொண்டு பிறக்கும் பச்சிளங்குழந்தைகளின் குருதியில் வளையும் அணுக்கள் மிகக் குறைவு என்பதைக் கவனித்தார். நோய் பிறப்பிலேயே இருக்கிறது, ஆனால் மாதங்கள் கழித்தே வெளிப்படுகிறது. கருவிலிருக்கும்போது உடல் வேறு வகை ஹீமோகுளோபினைச் செய்கிறது என்பது அப்போதே தெரியும். அந்தக் கருக்கால ஹீமோகுளோபின்தான் குழந்தையைக் காக்கிறது என்று வாட்சன் முன்மொழிந்தார். நோயாளியின் குருதியை நாள்தோறும் பார்க்கும் மருத்துவருக்கே தோன்றக்கூடிய எண்ணம் அது. அதற்குரிய மதிப்பு அவருக்கு இன்றுவரை முழுமையாகக் கிடைக்கவில்லை என்றே எண்ணுகிறேன்.

அவர் சொன்னதன் வேதியியல் பின்னர் விளங்கியது. கருக்கால ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலிக்குப் பதிலாகக் காமா சங்கிலி இருக்கும். பிழை பீட்டாவில் மட்டும் இருப்பதால் காமா சங்கிலிக்கு அதனால் பாதிப்பில்லை. பிறந்த பின் சில மாதங்களில் காமா மரபணு ஓய்ந்து பீட்டா மரபணு பொறுப்பேற்கிறது. அப்போதுதான் குழந்தையின் கைகால் விரல்கள் வீங்குவதும், மண்ணீரல் சேதமடைவதும், தாங்கமுடியாத வலியும் தொடங்குகின்றன.

காமா சங்கிலி ஏன் அவ்வளவு வலிமையான காவல் என்பதை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் பணியாற்றிய வில்லியம் ஈட்டனும் ஜேம்ஸ் ஹாஃப்ரிக்டரும் 1970-களில் செய்த அளவீடுகள் தெளிவாக்கின. ஆக்சிஜனை இழந்த பிழைபட்ட ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி, 14 இழைகள் முறுக்கிய கயிறாக நீள்கிறது. அந்தக் கயிறே அணுவை வளைக்கிறது. ஆனால் கயிறு உடனே உருவாவதில்லை. அதற்குமுன் ஒரு தாமதம் இருக்கிறது. அத்தாமதம் ஹீமோகுளோபினின் செறிவைப் பொறுத்து வியக்கத்தக்க அளவில் மாறுகிறது: செறிவின் 15 முதல் 30 வரையான அடுக்கைப் பொறுத்து. அதாவது செறிவு சிறிதளவு குறைந்தாலே தாமதம் பன்மடங்கு நீளும். சிவப்பணு தந்துகிக் குழாயைக் கடக்க எடுத்துக்கொள்வது நொடிக்கணக்கான நேரமே. அதற்குள் கயிறு திரியாவிட்டால் அணு நுரையீரலுக்குத் திரும்பித் தப்பித்துவிடும். காமா சங்கிலி கலந்த ஹீமோகுளோபின் இக்கயிற்றில் சேர மறுக்கிறது. ஆக, நோயை வெல்ல எல்லா ஹீமோகுளோபினையும் மாற்ற வேண்டியதில்லை. தாமதத்தைப் போதிய அளவு நீட்டினால் போதும். இந்த ஒரு முடிவு சிகிச்சையின் இலக்கையே எட்டக்கூடியதாக்கிவிட்டது என்பதால்தான் இதைச் சற்று விரித்துச் சொல்ல நேர்ந்தது.

இதே காலத்தில் சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியில், நோயிருந்தும் ஒப்பீட்டளவில் நலமாக வாழும் நோயாளிகளை மருத்துவர்கள் விவரித்தனர். அவர்களின் குருதியில் கருக்கால ஹீமோகுளோபின் வயதான பின்னும் உயர்ந்தே இருந்தது. வாட்சன் குழந்தைகளிடம் கண்டது பெரியவர்களிடமும் மெய்யானது.

நீலகிரி

தமிழ் வாசகருக்கு இவ்வரலாறு தொலைவானதல்ல. 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாளணு மரபு இருப்பதை ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வழியாக உலகுக்கு அறிவித்தனர். இருளர், குறும்பர், பணியர் ஆகியோர் அவ்வாய்வில் இடம்பெற்றனர். ஆப்பிரிக்கருக்கு மட்டுமே உரிய நோய் என்ற அன்றைய நம்பிக்கையை இது அசைத்தது. மலேரியா மிகுந்த நிலங்களில் ஒற்றைப் பிரதி மரபணுவைச் சுமப்போர் பிழைக்கிறார்கள் என்று ஆண்டனி ஆலிசன் 1954-இல் காட்டியபோது, காடுகளில் வாழ்ந்த மக்களிடம் இம்மரபு நிலைத்ததற்கும் காரணம் கிடைத்தது.

லேமன் இந்தப் பழங்குடிகளை அரேபியாவோடும் கிழக்கு ஆப்பிரிக்காவோடும் ஒரே மூதாதையரின் கிளைகளாக இணைக்க விரும்பினார். ஆனால் மரபணுவின் அக்கம்பக்கக் குறிகளை ஒப்பிட்ட 1986-ஆம் ஆண்டு ஆய்வு, ஆசியாவில் இம்மாற்றம் தனியாகத் தோன்றியதற்குச் சான்று தந்தது. அரபு-இந்திய வகை எனப்படும் இம்மரபுக் குறியோடு, கருக்கால ஹீமோகுளோபினை உயர்த்தும் ஒரு சிறு மாற்றமும் சேர்ந்தே வருகிறது. இந்திய நோயாளிகள் பலருக்கு நோய் சற்றுத் தணிந்து காணப்படுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் ‘இந்தியாவில் நோய் லேசானது’ என்ற பொதுமுடிவு ஆபத்தானது. மத்திய இந்திய நோயாளிகளிடம் கடுமையான வலியும் கடும் இரத்தசோகையும் பதிவாகியுள்ளன.

மருந்தின் வருகை

ஓய்ந்த காமா மரபணுவை மீண்டும் எழுப்ப முடியுமா? 1982-இல் அசாசைட்டிடின் என்ற மருந்து பபூன் குரங்குகளிலும் பின்னர் மனிதர்களிலும் அதைச் செய்துகாட்டியது. அம்மருந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற அச்சத்தால் மருத்துவர்கள் வேறொன்றைத் தேடினர். 1869-இல் ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டு, பின்னாளில் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட ஹைட்ராக்சியூரியா கைக்கு அகப்பட்டது. 1984-இல் ஓரா பிளாட்டும் சக ஆய்வாளர்களும் அது நோயாளிகளின் கருக்கால ஹீமோகுளோபினை உயர்த்துவதைக் காட்டினர். சாமுவேல் சரச் தலைமையில் 299 பெரியவர்களிடம் நடந்த சோதனை 1995-இல் வெளிவந்தது. ஓராண்டில் வரும் வலித் தாக்குதல்களின் இடைநிலை எண்ணிக்கை வெற்று மாத்திரை பெற்றோரிடம் 4.5, மருந்து பெற்றோரிடம் 2.5. பலன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனையைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினர். நாக்பூர் மருத்துவர்கள் இந்தியக் குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற குறைந்த அளவே பயன்தருவதைப் பின்னர் பதிவுசெய்தனர். மாத்திரையாக விழுங்கக்கூடிய, விலை குறைந்த மருந்து இது. காட்டோரக் குடியிருப்பில் வாழும் குழந்தைக்கு இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு இன்றுவரை வரவில்லை.

அதற்கு இணையாகச் சொல்லவேண்டியது பெனிசிலின். மண்ணீரல் செயலிழந்த குழந்தைகள் நியூமோகாக்கஸ் தொற்றால் சில மணிநேரங்களில் இறந்துபோவார்கள். தினமும் பெனிசிலின் கொடுத்தால் தொற்று 84 விழுக்காடு குறைகிறது என்று 1986-இல் அமெரிக்கச் சோதனை ஒன்று நிறுவியது. ஆனால் முதல் தொற்றுக்கு முன்பே குழந்தையை அடையாளம் காண வேண்டும். இங்கேதான் வாட்சனின் கவனிப்பு மறுபடியும் குறுக்கிடுகிறது. பச்சிளங்குழந்தையின் குருதியில் கருக்கால ஹீமோகுளோபின் நிறைந்திருப்பதால், பள்ளிகளிலும் முகாம்களிலும் செய்யப்படும் எளிய கரைதிறன் சோதனை அவ்வயதில் ஏமாற்றிவிடும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஆய்வகச் சோதனையே வேண்டும். குழந்தையைக் காக்கும் பொருளே அதன் நோயையும் மறைக்கிறது.

இரண்டாம் குரோமோசோமில் கிடைத்த சாவி

காமா மரபணுவை ஓயவைப்பது எது என்ற கேள்விக்கு 2007 வரை விடையில்லை. அவ்வாண்டு லண்டனில் ஸ்வீ லே தெய்ன் குழுவினர் நலமுள்ள ஐரோப்பியர்களில் கருக்கால ஹீமோகுளோபின் கூடியும் குறைந்தும் இருப்போரின் மரபணுக்களை ஒப்பிட்டனர். குளோபின் மரபணுக்கள் இருப்பது பதினோராம் குரோமோசோம். ஆனால் சுட்டிய விரல் இரண்டாம் குரோமோசோமிலுள்ள பிசிஎல்11ஏ என்ற மரபணுவைக் காட்டியது. சார்தீனியத் தீவு மக்களிடம் செய்த ஆய்வும் அதையே சொன்னது. 2008-இல் பாஸ்டனில் விஜய் சங்கரனும் ஸ்டூவர்ட் ஆர்க்கினும் பிசிஎல்11ஏ-தான் காமா மரபணுவை அடக்குகிறது என்று ஆய்வகத்தில் நிறுவினர். 2011-இல் அம்மரபணுவை நீக்கியபோது நோயுற்ற எலிகளின் குருதி சீரானது.

பிசிஎல்11ஏ உடலின் மற்ற இடங்களுக்கும் தேவை. அதனால் முழு மரபணுவையும் அழிக்க முடியாது. 2013-இல் டேனியல் பாவர் குழு, சிவப்பணு மரபில் மட்டும் அதை ஊக்குவிக்கும் டிஎன்ஏ பகுதியைக் கண்டறிந்தது. அதை வெட்டினால் சிவப்பணு மட்டுமே மாறும். 2015-இல் கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியைக்கொண்டு அப்பகுதியை அங்குலம் அங்குலமாக வெட்டிப் பார்த்து, மிக முக்கியமான சில எழுத்துகளை இனங்கண்டனர். 2019-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நோயாளி ஒருவரின் குருதியை உண்டாக்கும் தண்டணுக்களை எடுத்து, அதே இடத்தை வெட்டித் திரும்பச் செலுத்தினர். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் காஸ்கெவி என்ற பெயரில் இச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தன. அமெரிக்க ஒப்புதலின்போது மதிப்பிடப்பட்ட 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது 12 மாதங்கள் கடும் வலித் தாக்குதல் வரவில்லை.

கவனிக்க வேண்டியது இதுதான்: இங்ரம் கண்ட அந்த ஓர் எழுத்தை காஸ்கெவி தொடுவதே இல்லை. பிழை அப்படியே இருக்கிறது. குழந்தைப் பருவத்துக் காவல் மட்டும் திரும்ப வருகிறது.

இடையில் வந்த மற்றொரு மருந்தின் கதை இவ்வாதத்தை வலுப்படுத்துகிறது. 2019-இல் ஒப்புதல் பெற்ற வாக்ஸிலோடார், பிழைபட்ட ஹீமோகுளோபினையே நேரடியாகப் பற்றிக்கொண்டு ஆக்சிஜனை விடாமல் பிடிக்கச் செய்தது. சோதனையில் குருதியின் ஹீமோகுளோபின் அளவு உயர்ந்தது. அந்த எண்ணை வைத்தே விரைவு ஒப்புதல் தரப்பட்டது. வலி குறையும் என்பது எதிர்பார்ப்பாகவே நின்றது. 2024 செப்டம்பரில், வலித் தாக்குதல்களும் இறப்புகளும் குறித்த கவலையால் தயாரிப்பாளரான ஃபைசர் அதை உலகெங்கும் திரும்பப் பெற்றது. ஆய்வகத் தாளில் ஓர் எண் உயர்வதை நோயாளியின் நலமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு அண்மைக்கால மருத்துவத்தில் இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இன்றைய நிலை

காஸ்கெவியின் அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். செலவு மட்டுமல்ல தடை. திருத்திய தண்டணுக்களுக்கு இடம் உண்டாக்க, புசல்ஃபான் என்ற கடும் மருந்தால் எலும்பு மஜ்ஜையை முதலில் காலிசெய்ய வேண்டும். அது மகப்பேற்றுத் திறனைப் பறிக்கக்கூடும். மாதக்கணக்கான சிகிச்சைக்கு உயர்வசதி மருத்துவமனையும் வேண்டும்.

இந்தியாவில் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாளணு ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிப்பதும், 2047-க்குள் நோயை ஒழிப்பதும் அதன் இலக்கு. இத்தகைய இயக்கத்துக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1970-களில் அமெரிக்கா அவசரமாக நடத்திய பரிசோதனைகள், நோயே இல்லாத மரபுச் சுமப்பாளர்களுக்கு வேலையும் காப்பீடும் மறுக்கப்படக் காரணமாயின. அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகம் 1981 வரை அவர்களைச் சேர்க்கவில்லை. இங்கு பழங்குடி இளைஞர் கையில் கொடுக்கப்படும் சோதனை முடிவு அட்டை திருமணச் சந்தையில் அவரை விலக்கும் முத்திரையாகிவிடாமல் பார்ப்பதும், சோதனையில் தெரியவந்த ஒவ்வொருவருக்கும் ஹைட்ராக்சியூரியா தடையின்றிக் கிடைப்பதும் சோதனை எண்ணிக்கையைவிட முக்கியம்.

ஆய்வும் நின்றுவிடவில்லை. வேலூரிலுள்ள தண்டணு ஆய்வு மையத்தின் குழு 2022-இல், டிஎன்ஏ-வின் இரு இழைகளையும் வெட்டாமல் எழுத்தை மட்டும் மாற்றும் முறையால், காமா மரபணுவின் முன்பகுதியில் கருக்கால ஹீமோகுளோபினை உயர்த்தும் புதிய இடங்களைக் கண்டறிந்து வெளியிட்டது. இன்னும் விடை வேண்டிய கேள்வி ஒன்று குறிப்பாக நம் நோயாளிகளைச் சார்ந்தது. அரபு-இந்திய மரபுக் குறியும் உயர்ந்த கருக்கால ஹீமோகுளோபினும் இருந்தும் சிலருக்கு நோய் கடுமையாவது ஏன்? அண்மைய ஆய்வுகள் சராசரி அளவைவிடப் பரவலையே சுட்டுகின்றன. கருக்கால ஹீமோகுளோபின் மொத்தத்தில் 20 விழுக்காடு இருந்தாலும், அது சில அணுக்களில் குவிந்து மற்றவை வெறுமையாக இருந்தால் அந்த வெறும் அணுக்கள் வளையவே செய்யும். ஒவ்வோர் அணுவிலும் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை பெரிய ஆய்வகங்களில் மட்டுமே இன்று சாத்தியம். அதை மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், எந்தக் குழந்தைக்கு மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும், எந்தக் குழந்தைக்கு இப்போதைய அளவே போதும் என்பதை வலி வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டியிருக்காது.